கம்மங்கூழில் ஒரு கரண்டி

டீச்சர் இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றும் சொன்னார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதும் இல்லை.

அவர் என்றுதான் எழுதப்போகிறேன். வாய் பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை. அந்த 'ர்' எழுத்தில் மரியாதையைத் தேட வேண்டாம். பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டீச்சர் யாரிடமும் எதிரே நின்று பேசி நான் பார்த்ததில்லை. பக்கவாட்டில் வருவார். இடது கையை வாயோரம் மறைப்பு வைத்துக்கொள்வார். பெப்பர்மின்ட் வாசனை முதலில் வரும், பேச்சு அதற்குப் பின்னால் வரும். "மழை வாற மாதிரி இருக்கு அப்பு" என்பதைக்கூட ஏதோ கொலைக் கேஸ் போலக் காதுக்குள் சொல்வார். சொல்லி முடித்து, தோளில் ஒரு தட்டு தட்டி, "நமக்குள்ள இருக்கட்டும்" என்பார். மழை வரப்போவதை நமக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு அப்போதே எரிச்சலாக வரும்.

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. மல்லிகையும் காய்கறியும் போடுகிற ஊர். தைக்கக் கொடுக்க வேண்டுமென்றால் திண்டுக்கல் போக வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். அளவு டேப்பை இடுப்பில் சுற்றும்போதே யாருக்கு எத்தனை மாதம் என்று மாமியாருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். யார் இளைத்திருக்கிறாள், யார் முதுகில் புதுக் காயம் இருக்கிறது, எல்லாம் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளிடமே சொல்வார். அப்படிச் சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் டீச்சரின் ஆள்.

என் தங்கச்சி கல்யாணத்தன்று காலையில், தாலி கட்ட அரை மணி நேரம் இருக்கும்போது, டீச்சர் அம்மாவைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளைக்கு இதற்கு முன்னால் தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு இடம் பேசி நின்றுபோயிருக்கிறது என்று காதில் போட்டார். நின்றுபோனது ஜாதகத்தினால். ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் டீச்சர் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. "ஒனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்த்தா" என்று மட்டும் சொன்னார். இரண்டு வருஷம் அம்மா அதை வயிற்றில் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் தானாக வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, அதே காலையில் அதே பந்தலுக்குப் பின்னால் டீச்சர் இன்னும் நாலு பெண்களை அழைத்துப்போயிருக்கிறார். ஒவ்வொருத்திக்கும் அவளுக்கு மட்டும்தான்.

காசுக்கு ஆசைப்பட்டுச் செய்தார் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். டீச்சருக்குக் காசில் பெரிய ஆசை இல்லை. அடுத்த வீட்டுச் சங்கதி ஒன்று தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அந்தப் பச்சை டப்பாக்களையும் அவர் அதற்காகத்தான் விற்றார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பச்சை டப்பா என்றால் பவுடர். மகன் வழியாகத் திருப்பூரிலிருந்து வரும். டப்பாவின் மேலே ஆங்கிலத்தில் என்னென்னமோ எழுதியிருக்கும். பூசணி விதை, ஏதோ வெளிநாட்டுப் பனை வகைப் பழம், துத்தநாகம், முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று சேர்த்த பயோட்டின் என்கிற வைட்டமின். வயசான ஆண்களுக்கு வருகிற மூத்திரக் கஷ்டத்துக்கு மருந்தில்லாத மருந்து என்று டீச்சர் சொல்வார். அந்தக் கஷ்டத்தின் பெயரைச் சொல்லமாட்டார். புராஸ்டேட் என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. "அந்தக் கஷ்டம்" என்பார், கண்ணை மட்டும் கீழே இறக்கிக் காட்டுவார்.

ஆண்களிடம் விற்கவே மாட்டார். அதுதான் அவருடைய சாமர்த்தியம். எங்கள் ஊர் ஆண்கள் கை உடைந்தால் சொல்வார்கள். மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று பெற்ற மகனிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் ராத்திரியில் தாழ்ப்பாள் எத்தனை தடவை திறக்கிறது என்று பெண்டாட்டிக்குத் தெரியும். டீச்சர் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

"ஒங்க வீட்டு ஆளு எத்தன தடவ எந்திரிக்காரு?"

அதுவரை ஒருவரும் அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். பாதிப் பேர் அங்கேயே கண் கலங்கிவிடுவார்கள். கூழில் ஒரு கரண்டி கலந்துவிடு, கம்மங்கூழ் என்றால் நிறமே தெரியாது, அவரிடம் சொல்லாதே, சொன்னால் ரோஷப்பட்டுக் குடிக்கமாட்டார், நாமதான் பாத்துக்கணும் என்று சொல்லி டப்பாவைத் துணிப்பைக்குள் மாற்றிவிடுவார். நமக்குள்ள இருக்கட்டும்.

என் வேலை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். டீச்சர் டப்பா விற்கிறார் என்று எனக்குத் தெரியும். உடம்புக்கு ஏதோ சத்து மாவு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அது யாருக்குப் போகிறது, எதில் கலக்கிறது என்பதெல்லாம் தெரியாது. எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது என்றும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் டீச்சர் தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மதுரை டாக்டரின் சீட்டு. ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ரத்தச் சோதனைகள். என்ன ஆபரேஷன் என்று சீட்டிலேயே இருந்தது. அதே கஷ்டம்தான். சார் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் சும்மா கேட்டேன்.

"என்ன டீச்சர், சாருக்கு உங்க பவுடர் குடுக்கலையா?"

"அவருக்கு ஒத்துக்காதுப்பா" என்றார். பிறகு பெப்பர்மின்ட் வாசனை என் காதுப் பக்கம் வந்தது. "மதுரைக்குப் போறது யாருக்கும் தெரிய வேணாம். திருச்சிக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்குன்னு சொல்லியிருக்கேன். நமக்குள்ள இருக்கட்டும்."

என் தொழிலில் இது தர்மம். ஒருவர் ரத்தத்தில் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. அன்றைக்கு வாயை மூடினேன். டீச்சர் பெயரை எழுதினால் சார் யாரென்று தெரிந்துவிடும், அதை இங்கே எழுதாமல் விட்டதும் அதனால்தான். அந்த மனுஷர் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தது ஞாபகத்தில் இருக்கிறது, அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதே வருஷம் அப்பாவை நான் திண்டுக்கல்லுக்கு அழைத்துப்போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை, டிரைவரிடம் கெஞ்சி வழியில் இறங்கினார். அதைப் பார்த்த பிறகு நான் விடவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விரல் விட்டுப் பரிசோதிக்க அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். சரி, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த எண் ஏறியிருந்தால் கேன்சரா என்று மேலே பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுத்தது நான்தான். எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டேன்.

"அப்பா, சத்து மாத்திரை, வைட்டமின் பவுடர், ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"கூழு குடிக்கிறேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மாத்திரையைத்தானே கேட்கிறான், மாவைக் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னாள். எண் இரண்டுக்குக் கீழே வந்தது. நானே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, வயசுக்கு வருகிற வீக்கம்தான், பயமில்லை என்றார். மாத்திரை வேலை செய்தது, அப்பா கொஞ்சம் தூங்கினார். அந்தப் பெயரும் பவுடருக்குத்தான் போனது. அம்மா இரண்டாவது டப்பா வாங்கினாள்.

ஒரு வருஷம் கழித்து அப்பாவுக்கு இடுப்பு வலி. பாத்தி கட்டியதில் பிடித்துக்கொண்டது என்றார். பிறகு ஒருநாள் மூத்திரம் அடைத்துக்கொண்டது. மதுரையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் பி.எஸ்.ஏ. நூறைத் தாண்டி இருந்தது. ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. டாக்டர் அப்பாவிடமே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். டாக்டர் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"போன வருசம் நீதானடா பாத்துச் சொன்ன, ஒண்ணுமில்லன்னு?"

வேட்டி துண்டு எடுத்துவர ஊருக்குப் போனேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், நானே அடுப்படியில் கூழ் காய்ச்சலாம் என்று கம்பு மாவு டின்னில் கையை விட்டேன். மாவுக்குள் புதைத்து வைத்திருந்த பச்சை டப்பா கையில் தட்டுப்பட்டது.

பின்பக்கம் திருப்பினேன். பயோட்டின் அளவை இரண்டு தடவை படித்தேன். எங்கள் மெஷின் ரத்தத்தில் அந்தப் பி.எஸ்.ஏ.யைப் பிடிப்பதே பயோட்டினைக் கொக்கியாக மாட்டித்தான். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய இருந்தால் அதுவே கொக்கி மாட்டுகிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். உள்ளே எவ்வளவு இருந்தாலும் எண் குறைவாகக் காட்டும். மெஷினுக்கு ஊற்றுகிற மருந்துப் பெட்டியோடு வருகிற தாளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது, அதற்காகத்தான் அந்தக் கேள்வியே கேட்கிறோம். பவுடர் நோயைக் குறைக்கவில்லை. எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூழ் இல்லை, உண்மை வெளியே வந்துவிட்டது.

மதுரைக்குத் திரும்பிப் போய் அப்பாவிடம், "மெஷின் கோளாறுப்பா, தப்பு எங்க மேலதான்" என்றேன்.

"மெஷினுக்கு என்னடா தெரியும், பாவம்" என்றார்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷினைத் திட்டினாள். ஒரு வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் எலும்புக்குப் போகாமல் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். தன் கையால் ஊற்றிய கூழ்தான் அதை மறைத்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? எந்த மகன் சொல்வான்?

டீச்சரிடம் போனேன். டப்பாவை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் யார் யார் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், சொல்லுங்கள், அந்த ஆண்களையெல்லாம் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். டீச்சர் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எழுந்து பக்கவாட்டில் வந்தார்.

"தாராளமா ஊருக்குச் சொல்லு அப்பு. கலந்து குடுத்தது ஒங்கம்மான்னும் சேத்துச் சொல்லணும்ல. அது ஒங்கப்பா காதுக்குப் போகும். அதுக்கப்புறம் ஒங்கம்மா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருக்குச் சோறு போடுவா?"

"சாருக்கு மட்டும் ஏன் டீச்சர் குடுக்கல?"

சிரித்தார். "அது நமக்குள்ளன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

ஊசி குத்துகிறவன் நான். அத்தனை வருஷத்தில் யார்மேலும் கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை, அன்றைக்குத் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வந்து, ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளுக்காக டீச்சரை எவ்வளவு வெறுக்கிறேனோ அவ்வளவு என்னையும் வெறுக்கிறேன்.

அந்த ஒன்பது நாளில் எங்கள் தெருக்காரர் ஒருவர் அதே சோதனைக்கு வந்தார். மாத்திரை பவுடர் எதுவும் இல்லை என்றார். பாவி மனுஷன், உண்மையைத்தான் சொன்னார். எனக்கு ஊசி இறங்கவில்லை.

"மாமா, மூணு நாளைக்கு உங்க வீட்டுல சாப்பிடாதீங்க. மக வீட்டுல சாப்பிட்டுட்டு நாலாம் நாள் வாங்க."

"ஏன்டா மாப்ள, எம் பொண்டாட்டி வெசம் வைக்கிறாங்கியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து போனார். திரும்ப வரவில்லை. வீட்டில் போய் இந்த வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார். அவர் சம்சாரம் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகுதான் அம்மாவிடம் போனேன். அப்பாவை அதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். ஊசிகளில் வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. அம்மா வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா" என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னேன். முறம் நிற்கவில்லை. தவிடு பறந்து என் சட்டையில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"டீச்சருக்கு இது தெரியுமா?"

"சொல்லிட்டேன். ஒம்பது நாளாச்சு."

"முந்தாநாள் அடுத்த வீட்டுல டப்பா குடுத்துட்டுப் போனாளே."

அம்மா வாயில் டீச்சர் 'ள்' ஆனது அப்போதுதான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுப்பு. தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இடுப்பில் துணி மடி கட்டிக்கொண்டு வரிசைக்கு ஒருவராக நின்றிருந்தார்கள். அப்பா வீட்டில் படுக்கச் சொன்னதைக் கேட்காமல் பிடிவாதமாக வந்து மோட்டார் ரூம் படியில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அம்மா நடு வரப்பில் ஏறி நின்றாள். அவள் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏத்தா, எல்லாரும் செத்த நேரம் கைய நிறுத்துங்க. டீச்சர் குடுத்த பவுடர எங்க வீட்டு ஆளுக்குத் தெரியாம ஒரு வருசமா நான் கூழ்ல கலந்து குடுத்தேன். அதுனாலதான் டெஸ்டு தப்பா வந்துச்சு. உள்ள கேன்சர் இருந்தது எவனுக்கும் தெரியல. எம் மகன் மேலயும் மெஷின் மேலயும் தப்பில்ல, நான்தான் கலந்தேன். நீங்களும் கலக்குறீகன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கோட நிறுத்துங்க. போயி ஒங்க ஆளுககிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லிட்டு டாக்டர்ட்டக் கூட்டிப் போங்க."

முதல் பஸ்ஸுக்குப் போகிற டீச்சர் பையோடு வண்டிப்பாதையில் வந்துகொண்டிருந்தார். தோட்டத்துக்குள் இறங்கி வேகமாக வந்தார்.

"மெதுவாப் பேசுத்தா. வழியில போறவுக காதுல விழுகுது."

"விழுகட்டும்" என்றாள் அம்மா.

டீச்சர் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்றது எங்கள் தெரு மாமாவின் சம்சாரம், என்னிடம் பேசாமல் இருந்தாரே அவர்தான். டீச்சர் கையை வாயோரம் வைத்துக்கொண்டு அவர் தோள் பக்கம் போனார். அந்த அம்மாள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"அங்க இருந்தே சொல்லுங்க டீச்சர். கேக்குது."

டீச்சருக்குச் சத்தமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வாயோரம் வைத்த கையை இறக்கவும் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷமே வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார். நல்லது.

பவுடரை நிறுத்தி மூன்று நாள் விட்டு, அந்த வாரமே நான்கு பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. தெரு மாமாவுக்கு எண் ஏறியிருந்தது. பரவுவதற்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது. இப்போதும் என்னைக் கண்டால், "வெசம் வச்ச வீட்டுலதான்டா இன்னைக்கும் சாப்பிடுறேன்" என்று சிரிக்கிறார். அப்பா அதற்குப் பிறகு இரண்டு பூப்பருவம் இருந்தார்.

அன்றைக்குக் காலையில் டீச்சர் போன பிறகு பெண்கள் வரிசைக்குத் திரும்பினார்கள். குனிந்து பூவைப் பறித்தார்கள். அம்மா வரப்பிலிருந்து இறங்கி மோட்டார் ரூமை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், அப்பா ஏதாவது சொல்லிவிட்டால் நடுவில் நிற்கலாம் என்று. அப்பா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார்.

"கம்பு பழசு போலன்னு நெனச்சேன்" என்றார். "ஒரு வருசமா கூழு கசந்துச்சு."

அம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது. அழுகையோடு அழுகையாகக் கத்தினாள்.

"கசந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

அப்பா கொஞ்சம் நகர்ந்து, படியில் அவள் உட்கார இடம் விட்டார்.

"நீ மட்டும் சொன்னியா?" என்றார்.